நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த இலைகள்

வெல்டா ஷோம்பெர்க் பெட்ரோல் போட வந்தால், பங்க்கில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன் தன்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் குழாயைப் பிடித்ததும் அவள் பார்வை ஓடுகிற எண்களை விட்டு நகராது. எண்கள் நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள், நின்ற மாதிரி நடிக்கின்றனவோ என்று.

ஒஹையோ ஆற்றங்கரையில், க்ரூகர்ஸ் லேண்டிங்கையும் அதைச் சுற்றின ஊர்களையும் சேர்த்து அவள்தான் எடை, அளவு இன்ஸ்பெக்டராக இருந்தாள். கசாப்புக்கடைத் தராசு, தானியக் கிடங்கில் லாரி நிறுக்கிற மேடை, கண்காட்சியில் பன்றி நிறுக்கிற கூண்டு, எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்பு. சிவப்புச் சீட்டு ஒட்டின தராசில் ஒரு முட்டையைக்கூட வைக்கக் கூடாது. சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தால் வெல்டா அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் தள்ளுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதில் பொய் கொஞ்சம்தான்.

வண்டியில் ஒரு பெட்டி நிறையப் பித்தளை எடைக்கற்கள் வைத்திருந்தாள். அந்தக் கற்களையே நிறுத்துப் பார்க்க வருஷா வருஷம் மாநிலச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் இரண்டு பவுண்டுக் கல் தலையில் ஒரு கீறலோடு திரும்பி வந்தது. கீறல் போட்டால் இனி உதவாத கல், தள்ளுபடி என்று அர்த்தம். எங்கேயோ விழுந்து ஓரம் சிதறியிருக்கிறது. அந்தக் கல்லை நம்பி அந்த வருஷம் மூன்று கடைகளுக்கு அவள் சிவப்பு ஒட்டியிருந்தாள். தானே போய் மூன்றையும் பிய்த்தாள். இரண்டு பேர் வாய்விட்டுத் திட்டினார்கள். மூன்றாவது ஆள் ஒன்றும் பேசாமல் தராசை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டு வாங்கினதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது, அந்தத் துடைப்பு மறக்கவில்லை. தள்ளுபடிக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாணய ஆல்பத்தின் பக்கங்கள் புரளாமல் இருக்க மேலே வைத்துக்கொண்டாள்.

நாணயம் சேர்க்கிற பழக்கம் முதலில் அவள் புருஷன் மெர்லுக்குத்தான் இருந்தது. படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவன், தடித்த விரல், பேச்சு கம்மி. வெறும் ஒரு சென்ட் காசுகளைத்தான் சேர்த்தான். பழைய நினைவு நாணயங்கள் பக்கம் திரும்பினது வெல்டாதான். கடையில் செலவழிக்க இல்லாமல், ஏதாவது ஒரு விழாவைச் சொல்லி அரசாங்கத்தை அடிக்க வைத்து, முகமதிப்புக்கு மேல் விற்ற வெள்ளி அரை டாலர்கள் அவை. ஏன் அதில் விழுந்தாள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள்: "ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் ஒரு களவாணித்தனம் இருக்கு. எனக்கு வேலைக்குப் போற மாதிரியே இருக்கு."

அது உண்மைதான். சின்சினாட்டிக்காரர்கள் தங்கள் ஊர் சங்கீதத்துக்கு ஐம்பதாவது ஆண்டு என்று ஒரு காசு அடித்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெற்கே மலையில் சிற்பம் செதுக்கப் பணம் திரட்ட என்று ஒன்று அடித்தார்கள், உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்று தோற்ற தரப்புத் தளபதிகள் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற காசு. அதை ஊர் நாணயக் கழகத்தில் ஒருத்தர் கையால்கூடத் தொட மாட்டார். இன்னொருத்தரோ அதை மட்டுமே ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு நெருக்கம் க்ராண்ட் காசு. ஜெயித்த தளபதி, பிறகு ஜனாதிபதி, இதே ஆற்றங்கரையில் கொஞ்சம் மேலே பிறந்தவர். அவர் பிறந்து நூறு வருஷம் ஆனதற்கு 1922இல் அடித்தது. முன்பக்கம் தாடி வைத்த முகம். பின்பக்கம் சின்ன மரவீடு, வேலி, வீட்டுக்கு மேலே ஓங்கின மரங்கள். இதை இரண்டு விதமாக விற்றார்கள். ஒன்று வெறும் காசு. இன்னொன்றில் முன்பக்கத்துப் பெயருக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், குழிவாக ஒரு சின்ன நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்றால் ஒரு அர்த்தமும் இல்லை. சேர்க்கிறவன் இரண்டையும் வாங்குவான், அவ்வளவுதான். நட்சத்திரம் உள்ளது அபூர்வம். அதனாலேயே, சாதாரணக் காசை எடுத்து வீட்டுப் பட்டறையில் நட்சத்திரம் குத்தி விற்றவர்களும் உண்டு.

வெல்டாவின் நட்சத்திரக் காசு மெர்ல் கொடுத்தது. கல்யாணமாகிப் பத்தாவது வருஷம் லூயிவில் நாணயச் சந்தையில் வாங்கிவந்து, அவள் காப்பித் தட்டில் வைத்தான். "பாத்துட்டேன். நல்ல காசுதான்" என்றான். மெர்ல் அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை. அவள் ஆல்பத்தில் அந்தக் காசுக்கென்று காலியாக இருந்த குழி அத்தோடு நிறைந்தது. மெர்ல் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, விருந்தாளி வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள்.

கழகம் மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, மெதடிஸ்ட் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் கூடும். பதினொரு பேர், ஒரு பெரிய காப்பிப் பாத்திரம், யாராவது சுட்டுக் கொண்டுவந்த பூசணி 'பை' பண்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கொண்டுவந்த காசைத் தட்டில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புவார்கள். மடித்த துண்டுக்கு மேல் பிடித்து, விளிம்பை மட்டும் தொட்டு, லென்ஸில் பார்த்து, வாயைத் திறக்காமல், எழுபதுக்கு இத்தனை என்று தரத்தைச் சீட்டில் எழுதி டின்னில் போட வேண்டும். தலைவர் ஓரன் பிக்ஸ்பி, முன்னாள் தபால்காரர், சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். காசில் கை வைத்து ஏதாவது திருத்தியிருந்தால் அதற்கு எண் கிடையாது. 'திருத்தியது' என்று ஒரே வார்த்தை. கருத்து இரண்டாகப் பிரிந்தால் எல்லோரும் வெல்டாவைப் பார்ப்பார்கள். வெல்டா சொன்னால் முடிந்தது. காசைப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரம் போட்டுத் தருகிற கம்பெனிகளை அவள் மதிப்பதில்லை. "என் கண்ணு பாத்ததை எனக்கே வித்துக் காசு வாங்கறானுங்க" என்பாள்.

நட்சத்திரக் காசைப் பற்றி அவள் ஒரு பாடமே நடத்தியிருந்தாள். நிஜக் காசில் பின்பக்க மரத்தில் ஒரு இடத்து இலைகள் மழுங்கித்தான் இருக்கும். நட்சத்திரம் அழுத்தத்தை இழுத்துக்கொள்வதால் எதிர்ப்பக்கம் சரியாகப் பதியாது. இலை பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படு. கழகத்தில் வேறு யாரிடமும் நட்சத்திரக் காசு இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்தப் பதினொரு பேரில் ஒருத்தன் க்ளீட் ரௌஷ். படகுத்துறையில் மீன் தூண்டிலுக்குப் புழு, குட்டி மீன் விற்கிற கடை. மெர்லின் சிநேகிதன். மனைவியை இழந்தவன். சிரித்தால் கடைக்கு வெளியே கேட்கும். அவனுடைய தராசுக்கு வெல்டா இரண்டு தடவை சிவப்பு ஒட்டியிருக்கிறாள். அதிலிருந்து அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னிக்கு யாரைத் தூக்கில போட்டீங்க?"

"உன் தராசு எப்படி இருக்கு?"

"உன் பேரைச் சொன்னா நடுங்குது."

மெர்ல் போன பிறகு கழகத்துக்கு அவளை க்ளீட்தான் தன் டிரக்கில் கூட்டிப்போனான். வெள்ளிக்கிழமைகளில் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் வறுத்த மீன் போடுவார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர் பேசியது. வெல்டா பேச விட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், தோட்டத்துத் தக்காளிகளைத் தொப்பியில் போட்டுக்கொண்டு வந்தவன், சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டான்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ஃப்ளோரிடா போறேன். வழக்கம்போல மார்ச் வரைக்கும். தம்பி வீட்டுக்குப் பின்னால டிரெய்லர் வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. நீயும் வாயேன்."

வெல்டா தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா? இங்க பனியில வழுக்கி இடுப்பை ஒடிச்சுக்கறதுக்குப் பதிலா அங்க வெயில்ல உக்காந்து என்னைத் திட்டலாம்."

"யோசிக்கணும்."

"யோசி. நீ யோசிக்காம மூச்சுகூட விட மாட்ட."

போகும்போது தொப்பியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "அந்த நட்சத்திரக் காசை ஒரு தடவை கையில வெச்சுப் பாக்கணும். மெர்ல் என்கிட்ட ஒரு நாளும் காட்டினதில்ல."

அதுதான் ஆரம்பம். ஒரே மூச்சில் ஃப்ளோரிடாவும் காசும்! வெல்டாவுக்குக் காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. அவனுக்குத் தெரியாத காசா? எத்தனை தடவை தட்டில் சுற்றியிருக்கிறது? அப்போதெல்லாம் முன்பக்கத்தைப் பார்த்துத் தரம் எழுதிவிட்டுத் தள்ளிவிடுகிற ஆள். இன்றைக்கு என்ன புதிதாக ஆசை?

இருந்தாலும் காட்டினாள். காட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கைகளைத்தான் பார்த்தாள். ஜன்னல் பக்கம் நகர்ந்து லென்ஸை வைத்தான். முன்பக்கம் பார்த்தான். திருப்பினான். பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பேச்சு நின்றுபோயிற்று. க்ளீட்டின் பேச்சு நின்று அவள் பார்த்ததே இல்லை. காசை ஆல்பத்தில் அதன் குழியில் தானே மெல்ல அழுத்தினான்.

"நல்லா வெச்சிருக்கே" என்றான். சிரிக்கவில்லை.

விலை போட்டுப் பார்க்கிறான் என்று வெல்டா முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் எதைப் பார்த்தாலும் ஒரே திசையைத்தான் காட்டியது. க்ளீட் செப்டம்பரில் இரண்டு நாள் காணோம். படகு மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்கப் போனேன் என்றான். அந்த வாரமே ஓரன் பிக்ஸ்பி கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லூயிவில் சந்தையில க்ளீட்டைப் பாத்தேன். கையைத் தூக்கினேன், பாக்காத மாதிரி தூணுக்குப் பின்னால போயிட்டான்." பிறகு படகுத்துறையில் அவனுடைய பெரிய தட்டைப் படகு இல்லை. கோடை முழுக்க அதில்தான் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிவான்.

"படகு எங்கே?"

"வித்துட்டேன். வயசாகுது. யாரு கயிறு இழுக்கறது?"

போன மாதம்தான் அதற்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தான். அவனுக்குப் பண முடை என்று வெல்டா மனசுக்குள் எழுதிக்கொண்டாள். எங்கோ கடன் இருக்கிறது. தனியாக இருக்கிற விதவை, ஒரு ஆல்பம், கண்காணாத ஊரில் ஒரு டிரெய்லர். வேலையில் இருந்த காலத்தில் இதைவிடக் குறைந்த அத்தாட்சிக்கு அவள் தானியக் கிடங்கையே பூட்ட வைத்திருக்கிறாள். ஆல்பத்தைத் துணி அலமாரியிலிருந்து எடுத்து ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தாள். ஈரம் படுமே என்று மறுநாளே எடுத்துவிட்டாள். பிறகு பியானோ பெஞ்சுக்குள் வைத்தாள். அங்கேயும் மனசு நிற்கவில்லை.

அக்டோபரில் க்ளீட் ஒரு ஆப்பிள் 'பை' பண்டத்தோடு வந்தான். கடையில் வாங்கினது, தானே செய்தேன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டான். இன்னொரு தடவை ஆல்பத்தைப் பார்க்கலாமா என்றான். வெல்டா எடுத்து வைத்தாள். வேண்டுமென்றே எடுத்து வைத்தாள் என்றும் சொல்லலாம். எதையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு நமைச்சல் இருந்தது. அடுப்பில் காப்பி பொங்கியது. எழுந்து போய் இறக்கிவைத்துவிட்டு வந்தபோது ஆல்பம் மூடியிருந்தது. க்ளீட்டின் கழுத்து சிவந்திருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். கிளம்பறேன்."

"காப்பி?"

"வேணாம். கடையில மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்தணும்."

ஆப்பிள் பண்டத்தில் ஒரு துண்டுகூட வெட்டவில்லை. டிரக் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் வெல்டா பக்கத்தைத் திறந்தாள். நட்சத்திரக் காசு அதன் இடத்தில் இருந்தது. எடுத்தாள். துண்டை மடித்தாள். லென்ஸை வைத்து மரத்தைப் பார்த்தாள்.

இலைகள் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, நேற்று துளிர்த்த மாதிரி.

இது அவள் காசு இல்லை.

உடனே அவனுக்கு ஃபோன் போடவில்லை. ஷெரீஃபுக்கும் போடவில்லை. கோபம் வந்தால் மற்றவர்கள் சூடாவார்கள், வெல்டா குளிர்ந்துபோவாள். அத்தாட்சியைக் கைப்பற்றினால் எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் சீட்டு ஒட்ட வேண்டும், அது சட்டம். நவம்பர் கூட்டத்துக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனாள். போலி என்று தீர்மானித்த காசைத் தட்டில் வைத்து ஒன்றும் சொல்லாமல் அனுப்பினாள். சுற்றி வந்தது. ஓரன் சீட்டுகளைப் படித்தார். அறுபத்தைந்து. அறுபத்தாறு. அறுபத்தைந்து. ஒரு சீட்டில் கேள்விக்குறி மட்டும்.

"இலையைப் பாத்தீங்களா?" என்றாள் வெல்டா.

ஒரு நிமிஷம் லென்ஸ்கள் மறுபடி குனிந்தன. யாரோ மெல்லச் சீட்டியடித்தார்.

"இது என் ஆல்பத்தில இருந்தது. நான் வெச்சதில்ல. என்னோடதை எடுத்துட்டு இதை வெச்சவன் இந்த மேசையில உக்காந்திருக்கான். க்ளீட் ரௌஷ், என் காசு எங்க?"

ஓரன், "வெல்டா, கொஞ்சம் யோசிச்சு..." என்று ஆரம்பித்தார். க்ளீட் எழுந்தான். பர்ஸைத் திறந்து, ஒரு சின்ன உறையிலிருந்து ஒரு அரை டாலரைத் துண்டின் மேல் விழவிட்டான். அது சத்தமில்லாமல் விழுந்தது.

"உன்னோடது."

"ஏன் எடுத்த?"

க்ளீட் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் திருட்டுத்தனத்தைத் தேடினாள். கோபம்தான் இருந்தது, கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோ.

"நீதானே இன்ஸ்பெக்டர்? நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறிப் போனான்.

ஊருக்கு அது போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் க்ளீட் விதவையைக் கொள்ளையடித்தவனாகிவிட்டான். புழு வாங்குகிறவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை மீன் மேசையில் வெல்டா தனியாக உட்கார்ந்தாள். ஜெயித்தவளிடம் வந்து பேசினவர்கள் எல்லோரும் மீனைவிட அதிகமாக க்ளீட்டின் பெயரை மென்றார்கள்.

ஆனால் 'கண்டுபிடி' என்ற வார்த்தை அவளை விடவில்லை. திருடினவன் அப்படிச் சொல்வானா? திருடினவன், திருடின காசைப் பர்ஸில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவானா? இத்தனை நாளில் விற்றிருக்க மாட்டானா? அவளுக்குச் சந்தேகம் புதிதல்ல. ஆனால் இது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாத சந்தேகம்.

ஒரு காலை, வடக்கு ஜன்னலில் வெளிச்சம் வெளுத்திருந்த நேரம், சமையலறை மேசையில் துண்டை விரித்து இரண்டு நட்சத்திரக் காசுகளையும் வைத்தாள். ஒன்றில் இலை மழுங்கல், ஒன்றில் பளிச். இரண்டில் எது தப்பு என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக எதை வைத்துச் சொன்னோம்? தன்னுடையதை வைத்து. தன்னுடையதை எதை வைத்துச் சொன்னோம்?

ஆல்பத்தின் மேல் அந்த இரண்டு பவுண்டுக் கல் இருந்தது. அதன் கீறலை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, கல்லை நகர்த்தினாள். நட்சத்திரம் இல்லாத சாதாரண க்ராண்டை அதன் குழியிலிருந்து எடுத்தாள். அது அவளிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. யாரும் போலி செய்ய மெனக்கெடாத காசு. மூன்றையும் ஒரே வரிசையில் திருப்பி வைத்து லென்ஸை நகர்த்தினாள்.

சாதாரணக் காசில் இலை பளிச். க்ளீட் வைத்த காசில் இலை பளிச். மெர்ல் கொடுத்ததில் மட்டும், நட்சத்திரத்துக்குச் சரியாக நேர் பின்னால், இலைகள் நசுங்கியிருந்தன. பதியாத இலை வேறு, நசுங்கின இலை வேறு. கால் நூற்றாண்டுக்கு மேலாக அதைப் பார்த்திருக்கிறாள், இன்றைக்குத்தான் பார்த்தாள். அச்சிலேயே நட்சத்திரம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அடியில் விழுந்திருக்கும். பிறகு குத்துகிறவன் காசை எதன் மேலாவது வைத்துத்தானே குத்த வேண்டும்? கீழே இரும்பு, மேலே சுத்தியல், நடுவில் நசுங்கினது பின்பக்கத்து மரம். நட்சத்திரத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு வரம்புகூட எழும்பியிருந்தது, விலகின வெள்ளி.

போலியின் அடையாளத்தை நிஜத்தின் அடையாளமாக ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறாள்.

க்ளீட் ஆகஸ்டில் பின்பக்கத்தைப் பார்த்து ஏன் பேச்சிழந்தான், லூயிவில் தூணுக்குப் பின்னால் ஏன் போனான், புதுப் பெயிண்ட் அடித்த படகு எங்கே போயிற்று, எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து உட்கார்ந்தன. அவன் காசை மாற்றத்தான் செய்தான். சந்தேகம் அந்த அளவில் சரி. எந்தப் பக்கம் மாற்றினான் என்பதில்தான் அவள் தப்பு.

அதற்குப் பிறகு இன்னொன்று வந்து உட்கார்ந்தது. மெர்ல். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பத்தைக் காட்டுவான், அந்தப் பக்கம் மட்டும் இரண்டு தாளாகச் சேர்ந்து புரளும். தடித்த விரல் என்று அவள் நினைத்திருந்தாள்.

மத்தியானம் படகுத்துறைக்குப் போனாள். கடையில் ஆளில்லை. க்ளீட் வலையால் தொட்டியிலிருந்து செத்த குட்டி மீன்களை அள்ளிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கடை திறந்திருக்கா?" என்றாள்.

"திறந்துதான் இருக்கு. திருட்டுப் பசங்க கடைக்கு ஆள் வரதில்ல."

"கண்டுபிடிச்சுட்டேன்."

வலை நின்றது. "ரொம்ப நாள் ஆச்சே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மெர்ல் உனக்குக் கொடுத்தது. அதைப் பொய்னு நான் வாயைத் திறந்து சொல்லணுமா? மாத்தி வெச்சா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். உன் கண்ணைப் பத்தி யோசிக்கல. முட்டாப்பய நான்."

"படகை வித்த."

"கயிறு இழுக்க முடியலன்னு சொன்னேனே."

"பொய்."

"ஆமா, பொய். ஒட்டு, சிவப்புச் சீட்டு."

வெல்டா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டாள். "மெர்லுக்குத் தெரியுமா?"

க்ளீட் வலையை உதறினான். "தெரியாது எனக்கு. அவன் என்கிட்ட சொன்னதில்ல, நான் கேட்டதில்ல. இனிமே கேக்கவும் முடியாது. அவனையாவது விடு, வெல்டா."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு உறைத்தது. அது நல்லதற்கில்லை என்றும் பட்டது.

"மன்னிச்சுடு" என்றாள்.

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? மீனுங்களுக்கா? அன்னிக்குப் பத்து பேரு கேக்கச் சொன்ன. அதே பத்து பேரு கேக்கச் சொல்லு."

"சொன்னா அப்புறம் என் கண்ணை எவன் நம்புவான்?"

"என்னை இப்ப எவன் நம்பறான்?"

கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் அவள் கண் கல்லா மேலிருந்த தராசின் முள்ளுக்குப் போயிற்று. க்ளீட் அதைப் பார்த்தான்.

டிசம்பர் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். க்ளீட்டும் வந்திருந்தான், மேசைக்கு வராமல் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். வெல்டா மூன்று காசுகளையும் தட்டில் வைத்தாள். வீட்டில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இலை மழுங்கியிருந்தா நிஜம்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு. மழுங்கினதுதான் பொய். என்னோடது குத்தின நட்சத்திரம். க்ளீட் என் ஆல்பத்தில வெச்சது நிஜக் காசு. தன் படகை வித்து வாங்கினது. நான் அவனைத் திருடன்னு சொன்னேன். இந்த மேசையில சொன்னேன்."

ஓரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க இத்தனை வருஷமா போட்ட தரமெல்லாம்?"

"மறுபடி பாருங்க. எல்லாத்தையும். என்னையும் சேத்து."

தட்டு சுற்றியது. இந்தத் தடவை ஒவ்வொருத்தரும் மூன்று காசுகளையும் திருப்பித் திருப்பி அதிக நேரம் பார்த்தார்கள். அவர்கள் கண்கள் இடையிடையே தன் பக்கம் வந்து போவது வெல்டாவுக்குத் தெரிந்தது. பெட்ரோல் பங்க்காரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. கடைசியில் க்ளீட் சுவரை விட்டு வந்தான். அவளைப் பார்க்காமல் லென்ஸை வைத்தான், எழுதினான், சீட்டை டின்னில் போட்டான், திரும்பப் போய்ச் சுவரில் சாய்ந்தான்.

பளிச்சென்ற நட்சத்திரக் காசைத் துண்டிலிருந்து எடுத்து வெல்டா அவன் பக்கமாக நீட்டினாள். "இது உன்னோடது. என் ஆல்பத்தில அந்தக் குழியில மெர்ல் கொடுத்ததுதான் இருக்கும். கீழ 'குத்தினது'ன்னு எழுதி வெச்சுடுவேன்."

க்ளீட் வாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

ஓரன் மெர்ல் கொடுத்த காசுக்கான சீட்டுகளை எடுத்துப் படித்தார். "திருத்தியது. திருத்தியது. திருத்தியது." பிறகு ஒரு சீட்டைப் பிரித்து நிறுத்தினார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது... தரம் இல்லியே."

"படிங்க" என்றாள் வெல்டா.

"'கிறிஸ்துமஸ் முடிஞ்ச திங்கக்கிழமை, விடிஞ்சதும். ஒரே ஒரு பெட்டி. டிரக்குல ஏத்தறதுக்கு முன்னால நான் நிறுத்துப் பாப்பேன்.'"

மேசையில் சிரிப்பு ஆரம்பித்து, வெல்டாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் அடங்கியது. அவள் காப்பிப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். க்ளீட் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"எந்தத் தராசுல?" என்று கேட்டாள்.